வீட்டிலிருந்து வேலையா? மணிக்கணக்கை அன்றன்றே எழுதுங்கள்

ஆஸ்திரேலியாவில் சம்பளத்துக்கு வேலை பார்த்துக்கொண்டு, வாரத்தில் சில நாள் வீட்டிலேயே லேப்டாப்பைத் திறப்பவரா நீங்கள்? கரண்ட், இன்டர்நெட், போன், பேப்பர் செலவுக்காக மணிக்கு 70 சென்ட் வீதம் வருமானத்தில் கழித்துக்கொள்ளலாம். 2024-25 நிதியாண்டில் வந்த விகிதம் இது. அதற்கு முன் 67 சென்ட்.

வாரம் 3 நாள், நாளுக்கு 8 மணி நேரம், லீவு போக 46 வாரம் என்றால் 1,104 மணி நேரம். கழிவு 772 டாலர் 80 சென்ட். இந்தத் தொகை அப்படியே கைக்கு வராது. வரி போடும் வருமானத்தில்தான் குறையும். 30 சதவீத வரி கட்டுபவருக்குச் சுமார் 230 டாலர் மிச்சம். விட்டுவிடக்கூடிய பணமா அது?

பலரும் கோட்டை விடுவது ஆதாரத்தில்தான். ஜூன் கடைசியில் உட்கார்ந்து குத்துமதிப்பாகப் போட்டால் செல்லாது. எந்த நாள், எத்தனை மணி நேரம் என்று வருடம் முழுக்கக் குறித்திருக்க வேண்டும். நான் சமையலறைக் காலண்டரில், தேதிக்குக் கீழேயே ‘9 - 5.30, சாப்பாடு அரை மணி’ என்று எழுதிவிடுவேன். ஒவ்வொரு செலவுக்கும் ஒரு பில்லாவது வேண்டும். எல்லாவற்றையும் 5 வருடம் பத்திரப்படுத்துங்கள்.

போன் பில்லைத் தனியாக மறுபடி போடாதீர்கள். அது 70 சென்ட்டிலேயே அடக்கம். மேசை, நாற்காலி, கம்ப்யூட்டர் தனிக் கணக்கு. 300 டாலருக்குள் வாங்கிய பொருள் என்றால், வேலைக்குப் பயன்பட்ட பங்கை அந்த வருடமே கழிக்கலாம். காபித்தூள், பால் கிடையாது. சம்பளக்காரர்களுக்கு வீட்டு வாடகையும் பொதுவாகக் கிடையாது.

நீங்களே தாக்கல் செய்வதாக இருந்தால், கடைசி நாள் அக்டோபர் 31.