கல்வெட்டும் வலைத்தளமும்

பராந்தக சோழன் காலத்து உத்திரமேரூர்க் கல்வெட்டுகள் (கி.பி. 919, 921) குடவோலை முறைக்காகவே பெரிதும் பேசப்படுகின்றன. நாம் ஊன்றி நோக்கத்தக்க விதி வேறொன்று: வாரியப் பொறுப்பிலிருந்து கணக்குக் காட்டாதாரும் அவர்தம் உறவினரும் மீண்டும் அப்பொறுப்புக்கு உரியராகார். அவ்விதியை ஓலையில் எழுதிப் பெட்டியில் பூட்டவில்லை. யாவரும் காணச் சுவரில் பொறித்தனர்.

இன்று அச்சுவரின் இடத்தில் அரசு வலைத்தளம் நிற்கிறது. தகவல் உரிமைக்கு இந்தியாவில் முதற்சட்டம் இயற்றிய மாநிலம் தமிழ்நாடு (1997). எனினும் அதில் விலக்குகள் மிகுதி. 2005ஆம் ஆண்டின் நடுவணரசுச் சட்டமோ, வரவு செலவு, மானியம் பெற்றோர் விவரம் உள்ளிட்ட 17 இனங்களை, எவரும் கேளாமலே வெளியிடுமாறு தன் நான்காம் பிரிவில் பணிக்கிறது. அமானிதப் பொருளுக்குக் கேட்குமுன் கணக்குரைப்பதே அழகு என்று நம் இல்லத்து மூத்தோர் சொல்வதும் இதுவன்றோ! இணையத்தைப் பெயர் சுட்டிக் கூறும் அப்பிரிவு, வட்டார மொழியைக் கருத்திற்கொள்ளவும் சொல்கிறது.

தருமபுரிக்கு இது ஏட்டளவான செய்தியன்று. நிலத்தடி நீரில் ஃபுளோரைடு மிகுந்து, பல்லும் எலும்பும் நலிந்தோர் வாழும் மாவட்டம் இது. அதன்பொருட்டே ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கி வைக்கப்பெற்றது. லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் ஃபுளோரைடே மேல்வரம்பு. தம் ஊர்த் தொட்டியில் ஆற்றுநீர் எவ்வளவு, ஆழ்துளைக் கிணற்று நீர் எவ்வளவு, சோதனை முடிவு யாது, சோதித்த நாள் எது என்பனவே ஒரு தாய் அறிய விழைவன. திட்டத்தின் மொத்தச் செலவை ஆங்கிலத்தில் ஏற்றிவைப்பது அவருக்கு விடையாகாது. நாளிடாத பட்டியலோ பழைய பஞ்சாங்கம்.

அப்பட்டியலைத் தமிழில் அச்செடுத்துக் கிராமசபையில் நம் மாணவர் ஒருவர் உரக்கப் படிக்கட்டும். கைப்பேசி இல்லாதாரும் கேட்பர். தொட்டிக் கணக்குச் சரிதானா என்பதை அவ்வூராரே சொல்லிவிடுவர்.