உணவகக் கட்டிடமும் கொல்லாமை விரதமும்

இல்லறத்தார் நேர்வழியில் பொருளீட்டுதல் அறத்திற்கு மாறன்று. எனினும், சேலம், நாமக்கல் பகுதியில் வாடகைக்கு விடப்பட்டுள்ள உணவகக் கட்டிடத்தை வாங்க எண்ணும் சிராவகர் ஒன்றை ஆராய்தல் வேண்டும். முட்டைக்கும் கோழிக்கும் பெயர் பெற்றது நாமக்கல். அங்கே பல உணவகங்களில் புலால் சமைக்கப்படுகிறது.

1882ஆம் ஆண்டுச் சொத்து மாற்றச் சட்டத்தின் 109ஆம் பிரிவின்படி, வாடகை பெறும் உரிமையோடு பழைய உரிமையாளரின் ஒப்பந்தக் கடமைகளும் வாங்குபவரைச் சேரக்கூடும். புலால் சமைக்க இசைந்த ஒப்பந்தத்தை, அதன் காலம் முடியுமுன் அவர் தம் விருப்பப்படி மாற்ற இயலாது. கிரயத்திற்கு முந்திய வாடகை பாக்கியும் அவருக்கு உரியதன்று. குடியிருப்பவரின் முன்பணத்தைத் திருப்பித் தருபவர் யார் என்பதைக் கிரயப் பத்திரத்திலேயே எழுதிக்கொள்க.

செய்தல், செய்வித்தல், உடன்படுதல் என்னும் மூவழியாலும் தீவினை சேரும் என்பது நம் நெறி. அறிந்தே புலால் உணவகத்தின் வாடகையை மாதந்தோறும் பெறுதல் உடன்படுதலே அன்றோ?

ஆகவே, அச்சாரம் கொடுக்குமுன் வாடகை ஒப்பந்தத்தை முழுதும் படியுங்கள். மரக்கறி உணவகமாயினும், அவ்வாறே நடத்தப்படும் என்னும் நிபந்தனை எழுத்தில் உள்ளதா எனக் காணுங்கள். இல்லையெனில், குடியிருப்பவரின் இசைவோடு அதனை எழுதிப் பெற்ற பின்னரே கிரயம் முடித்தல் நன்று. அவர் இசையாவிடில், வேறு கட்டிடம் தேடுவதே விரதத்தைக் காக்கும் வழி.