ஆல் ரிஸ்க் பாலிசியில் இல்லாத ஆள்

போன லீவில் நான் இன்டர்ன்ஷிப் போன சைட்டில், மூணாவது மாடிச் சாரத்திலிருந்து கம்பி கட்டுற அண்ணன் ஒருத்தர் விழுந்துட்டார். முழங்கால் எலும்பு முறிஞ்சுபோச்சு. சைட் இன்ஜினியர் பெருசா பதறலை. "நம்மகிட்ட ஆல் ரிஸ்க் பாலிசி இருக்கு தம்பி"ன்னார். மறுநாள் அந்தப் பாலிசியை ஸ்கேன் பண்ணக் கொடுத்தாங்க. பண்ணும்போதே படிச்சுப் பார்த்தேன். அந்த அண்ணனுக்கு அதில் ஒரு ரூபாய்கூட கிடையாது.

கான்ட்ராக்டர்ஸ் ஆல் ரிஸ்க்ஸ் பாலிசியில் ரெண்டு பகுதி இருக்கு. முதல் பகுதி, கட்டிக்கிட்டு இருக்கிற வேலைக்கு: தீ, வெள்ளம், திருட்டு, சென்ட்ரிங் சரியறது மாதிரி சேதங்கள். டிசைன் தப்பால் வரும் சேதம் வழக்கமான பாலிசியில் சேராது. இதில் இன்னொரு பொறியும் இருக்கு. பிரீமியத்தை மிச்சம் பிடிக்க 2 கோடி வேலையை 1 கோடின்னு காட்டினால், 10 லட்சம் சேதத்துக்கு 5 லட்சம்தான் கணக்கில் வரும். அதிலும் 'எக்ஸஸ்'னு ஒரு தொகையைக் கழிச்சுட்டுத்தான் கையில் தருவாங்க.

ரெண்டாவது பகுதி மூன்றாம் நபருக்கு. யார் அந்த மூன்றாம் நபர்? ரோட்டில் போறவர், பக்கத்து வீட்டுக்காரர், அவரோட காம்பவுண்ட் சுவர். சைட்டில் வேலை செய்யும் கொத்தனாரும் சித்தாளும் இதில் வர மாட்டாங்க. கான்ட்ராக்டரின் ஆட்கள்னு தெளிவா எழுதி வெளியே நிறுத்தியிருப்பாங்க. 2014 ஜூன் 28-ல் சென்னை மவுலிவாக்கத்தில் 11 மாடிக் கட்டடம் இடிந்து 61 பேர் இறந்தாங்க. பெரும்பாலானவர்கள் அங்கே வேலை செய்த தொழிலாளர்கள்.

அவங்களுக்கான பாலிசி தனி. ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் 1923-லேயே வந்தது. அதே பொறுப்பு 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இருக்கு. பழைய சட்டத்தின்படி உயிரிழப்புக்கு ஒரு கணக்கு போட்டுக் காட்டுறேன். ஒரு தொழிலாளி மாசம் 20,000 வாங்கினாலும் 15,000 வரைதான் எடுத்துக்கணும். அதில் பாதி 7,500. வயசு 30-ன்னா அதுக்கான காரணி 207.98. பெருக்கினால் 15,59,850 ரூபாய். இந்தத் தொகையை சின்ன கான்ட்ராக்டர் ஒருத்தர் எங்கிருந்து புரட்டுவார்? அவர் புரட்ட முடியலைன்னா அந்தக் குடும்பம் என்ன செய்யும்? (நம்ம செமஸ்டர் கணக்கை எல்லாம்விட இது சுலபம், ஆனா போடும்போது எனக்குக் கை ஓடலை.)

"அவன் மேஸ்திரியோட ஆளுப்பா, எனக்கென்ன"ன்னு சைட்டில் அடிக்கடி காதில் விழும். சட்டம் அதை ஏத்துக்காது. சப்-கான்ட்ராக்டரின் ஆளுக்கு அடிபட்டாலும் மெயின் கான்ட்ராக்டரிடமே இழப்பீடு கேட்கலாம். அவர் பிறகு மேஸ்திரியிடம் வசூலிச்சுக்கணும். அதனால் பாலிசி எடுக்கும்போதே சப்-கான்ட்ராக்டர் ஆட்களையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கணும். உண்மையான ஆள் எண்ணிக்கையும் கூலியும் எழுதணும். ஆஸ்பத்திரிச் செலவு உள்ளே இருக்கான்னும் பார்க்கணும்; பல பாலிசிகளில் அதுக்குத் தனியா பிரீமியம் கட்டணும்.

நான் போன சைட்டில் அந்த ரெண்டாவது பாலிசியும் இருந்தது. 12 பேர்னு எழுதியிருந்தாங்க. அன்னிக்கு மஸ்டர் ரோலில் நான் எண்ணினது 31 பேர். கம்பி கட்டுற அண்ணன் மேஸ்திரி கூட்டிவந்த ஆள். ஆபரேஷன் செலவுக்கு சைட்டில் எல்லாருமா காசு போட்டோம்.