சொல்லிவைத்த சொல்லும் எடுத்துவைத்த பொருளும்

முன்னுரை

மனித வாழ்வில் இன்பமும் துன்பமும் மாறி மாறி வருவன. துன்பங்களுள் சில நாள் குறித்து வரும். பல சொல்லாமல் வரும். நள்ளிரவில் தெருவுக்குள் புகும் வெள்ளம், சமையலறையில் கசியும் எரிவாயு, வீட்டு முதியவருக்கு நேரும் மாரடைப்பு ஆகியன இரண்டாம் வகையைச் சார்ந்தவை. அத்தகைய வேளையில் ஓர் இல்லத்தைக் காப்பன எவை என்பதை, நடந்த நிகழ்ச்சிகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு தீவைக் காத்த சொல்

சுமத்திராவின் மேற்குக் கடலில் சிமலூ என்னும் தீவு உள்ளது. 1907 ஆம் ஆண்டில் அங்கு எழுந்த பேரலை பெருந்தொகையான மக்களைப் பலி கொண்டது. உயிர் தப்பியோர் அதனை ‘ஸ்மோங்’ என்னும் சொல்லால் நினைவில் நிறுத்தினர். நிலம் கடுமையாக நடுங்கி, கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்க நில்லாது மேட்டு நிலத்திற்கு ஓட வேண்டும் என்னும் அறிவுரை முழுவதும் அவ்வொரு சொல்லுக்குள் அடங்கியது. பாட்டியர் அதனைப் பேரப்பிள்ளைகளுக்குக் கதையாகவும் பாட்டாகவும் சொல்லி வந்தனர்.

97 ஆண்டுகள் கழிந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஏற்பட்ட நிலநடுக்கத்தின்போது, ஏறத்தாழ பத்து நிமிடங்களில் அலை அத்தீவை அடைந்தது. எச்சரிக்கை செய்ய அங்குக் கருவி ஏதும் இல்லை. எனினும் மக்கள் அச்சொல்லைக் கூவியவாறு மேட்டை நோக்கி ஓடினர். ஏறத்தாழ 78,000 பேர் வாழ்ந்த அத்தீவில் இறந்தோர் எழுவர் எனப் பதிவாகியுள்ளது. வாய்மொழி இலக்கியத்தின் பயனுக்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

நம் கரையின் பாடம்

அன்று இந்திய நேரப்படி காலை 6.29 மணியளவில் நிகழ்ந்த அந்நடுக்கத்தின் அலை, ஏறத்தாழ இரண்டு மணி நேரம் கழித்தே தமிழகக் கரையை அடைந்தது. அக்கால இடைவெளி பயன்படாமற் போயிற்று. நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர் மாண்டனர். இதற்கு நம் மக்களைக் குறை கூறுதல் முறையன்று. சிமலூவில் நிலமே எச்சரித்தது. இங்கோ சில இடங்களில் சிறு அதிர்வே உணரப்பட்டது. மாமல்லபுரம் போன்ற இடங்களில் கடல் உள்வாங்கியபோதும் அதன் பொருள் அறிந்து உரைப்பார் இல்லை.

இவ்விடத்தில் தமிழ் பயில்வோர் சிந்திக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. ‘கடல்கோள்’ என்னும் சொல் நம்மிடம் நெடுங்காலமாக இருந்து வருகிறது. பஃறுளியாற்றையும் குமரிக்கோட்டையும் கடல் கொண்ட செய்தியைச் சிலப்பதிகாரம் கூறுகிறது. ஆயினும் நம் சொல் நிகழ்ச்சியைச் சுட்டியதேயன்றி, செய்யவேண்டிய செயலைச் சுட்டவில்லை. சொல் இருந்தது, சொல்லோடு செயல் இணைந்திருக்கவில்லை.

2007 ஆம் ஆண்டில் ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் அமைக்கப்பட்டது. புயல்களின் வருகையும் இன்று பல நாள் முன்னதாகவே அறிவிக்கப்படுகிறது. ஆனால், அறிவிப்பு வாசல் வரையே வரும். வாசலுக்கு உள்ளே செய்யவேண்டியதை அவ்வீட்டாரே அறிந்திருத்தல் வேண்டும்.

சொல்லிவைக்க வேண்டியவை

மின்சாரத்தின் முதன்மை விசை எங்குள்ளது என்பதை வீட்டிலுள்ளோர் அனைவரும் அறிந்திருத்தல் இன்றியமையாதது. வெள்ளநீர் வீட்டினுள் புகுமுன் அதனை நிறுத்திவிட வேண்டும். எரிவாயு மணம் வீசினால் விளக்கு, மின்விசிறி ஆகியவற்றின் விசையை இயக்குதலோ நிறுத்துதலோ கூடாது. சிறு பொறியும் தீயை மூட்டும். உருளையின் ரெகுலேட்டரை மூடி, கதவு சன்னல்களைத் திறந்து வெளியேறுதலே நெறி. எரிவாயு காற்றினும் கனமானதாதலின் தரையை ஒட்டித் தங்கும் என்பதும் நினைவில் இருத்தற்குரியது. புயல் திடீரென ஓய்ந்தால் அது முடிவு என எண்ணி வெளியே செல்லலாகாது. அது புயலின் கண் கடக்கும் நேரமாக இருக்கலாம். சற்றுப் பின் எதிர்த்திசையிலிருந்து காற்று மீண்டும் வீசும்.

குடும்பத்தினர் பிரிய நேர்ந்தால் கூடவேண்டிய இடம் எது, நடக்க இயலாத பாட்டியாரைத் தாங்கி வருபவர் யார், கைக்குழந்தையை எடுப்பவர் யார் என்பனவற்றை முன்னரே வகுத்துக்கொள்ளுதல் நன்று. இரண்டு தொலைபேசி எண்களையேனும் பிள்ளைகள் மனப்பாடமாக அறிந்திருக்க வேண்டும். கைப்பேசி நனைந்தால் அதிலுள்ள எண்களும் கைக்கு எட்டா. 112 என்னும் பொது உதவி எண்ணையும், 108 என்னும் ஆம்புலன்ஸ் எண்ணையும் சுவரில் எழுதி வைத்தல் வேண்டும்.

எடுத்துவைக்க வேண்டியவை

2015 டிசம்பரில் சென்னை வெள்ளத்தில் மூழ்கியபோது, உயிர் தப்பிய பின்னரும் கலங்கி நின்றோர் பலர். மதிப்பெண் பட்டியல், குடும்ப அட்டை, வீட்டுப் பத்திரம் ஆகியன நீரில் கரைந்து போயின. நகல் சான்றுகள் வழங்க அரசு தனி முகாம்களை நடத்த வேண்டியதாயிற்று. ஏழை மாணவர் ஒருவருக்கு மதிப்பெண் பட்டியலே பரம்பரைச் சொத்து. அதனை நீர் புகாத உறையிலிட்டு, ஒரே பையில், உயரமான இடத்தில் வைத்தல் வேண்டும். அதன் நகலை வேற்றூர் உறவினர் வீட்டிலும் டிஜிலாக்கரிலும் வைத்தல் கூடுதல் காப்பாகும்.

குடிக்கவும் சமைக்கவும் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 4 லிட்டர் நீர் வேண்டும். ஐவர் வாழும் இல்லம் மூன்று நாளைக்கு 60 லிட்டர் சேமித்தல் வேண்டும். மூடியுள்ள குடங்கள் சில போதும். அவல், பொரிகடலை, பேரீச்சம்பழம் போன்று அடுப்பின்றி உண்ணத்தக்கவை, டார்ச் விளக்கு, மின்கலங்கள், சிறு வானொலி, சில்லறைப் பணம் ஆகியனவும் உடனிருத்தல் வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம் உடையோரின் மருந்து ஒரு வாரத்திற்குக் குறையாமல் இருப்பில் இருக்க வேண்டும். வெள்ளத்தை அடுத்து வயிற்றுப்போக்கு வருவதுண்டு. உப்புச் சர்க்கரைக் கரைசல் பொட்டலம் கிடைக்காதபோது, காய்ச்சி ஆற்றிய ஒரு லிட்டர் நீரில் ஆறு சிறுகரண்டி சர்க்கரையும் அரைச் சிறுகரண்டி உப்பும் கலந்து தருதல் உயிர் காக்கும்.

அண்டை வீடும் நம் வீடே

இவை அனைத்தும் வசதியுடையோர்க்கே இயலும் என்று கருதலாகாது. உறையும் குடமும் சொல்லும் பெரும் பொருட்செலவு வேண்டாதவை. எனினும் தனித்து வாழும் முதியோர், மாற்றுத்திறனாளிகள், தாழ்வான குடிசைகளில் வாழ்வோர் ஆகியோர்க்கு அடுத்த வீட்டார் துணை தேவை. தன் வீட்டுப் பட்டியலில் அண்டை வீட்டார் ஒருவரின் பெயரையும் எழுதாத இல்லத்தின் ஏற்பாடு நிறைவுடையதாகாது.

முடிவுரை

கருவியும் அரசும் செய்வன பெரியவை. அவற்றின் பயன் இல்லத்தில் வந்து நிறைவுறுகிறது. மாணவச் செல்வங்கள் இன்று மாலை வீடு சென்றதும் இரண்டு செயல்களைச் செய்வாராக. சான்றிதழ்களை உறையிலிட்டு உயரே வைத்தல் ஒன்று. உணவு வேளையில் அனைவரும் அமர்ந்திருக்க, முதன்மை விசை எங்கே, கூடும் இடம் எது, பாட்டியாரைத் தாங்குபவர் யார் என மூன்று வினாக்களைக் கேட்டு விடை காணுதல் மற்றொன்று. சிமலூவின் பாட்டி ஒருத்தி சொல்லிச் சென்ற சொல், அவள் காணாத கொள்ளுப் பேரர்களைக் காத்தது. நாம் இன்று சொல்லிவைக்கும் சொல்லும் அவ்வாறே ஒரு நாள் நம் வழித்தோன்றல்களைக் காக்கும்.