கால் இழந்த கால்நடைக்கு உலோகக் கால்: நம் தொழுவத்துக்கு உதவுமா?

கே.ஜி.கண்டிகை, திருத்தணி வட்டாரத்தில் கறவைப் பசுவின் கால் போய்விட்டால், பெரும்பாலும் அடிமாட்டு விலைக்குத்தான் தள்ளவேண்டியிருக்கிறது. எலும்பிலேயே செயற்கைக் காலைப் பொருத்தும் முறை ஒன்று உண்டென்று கேள்விப்பட்டவர்கள், அது மாட்டுக்கு ஆகுமா என்று கேட்கலாம்.

ஜெர்சி தீவில் (நம் கலப்பினப் பசுக்களின் பூர்வீகம்தான்) 2009-ல் அறுவடை இயந்திரத்தில் சிக்கி, ஆஸ்கார் என்ற பூனை பின்னங்கால் பாதங்கள் இரண்டையும் இழந்தது. இங்கிலாந்தில் நோயல் ஃபிட்ஸ்பேட்ரிக் என்ற கால்நடை மருத்துவர் கால் எலும்பில் துளையிட்டு, உலோகத் தண்டைச் செருகி, அதன் முனையில் பாதம் மாட்டினார். பூனை நடந்தது.

எலும்பு உலோகத்தை ஏற்கும் என்பது முயலில் தெரிந்த செய்தி. 1952-ல் ஸ்வீடனில் பிரோனெமார்க் என்ற டாக்டர் முயலின் கால் எலும்பில் வைத்த டைட்டானியக் கருவியைக் கழற்ற முயன்றார், வரவில்லை. எலும்பு அதனோடு ஒன்றிவிட்டது. 1965-ல் இம்முறையில் மனிதருக்குப் பல்லும், 1990-ல் செயற்கைக் காலும் பொருத்தப்பட்டன.

தொல்லை எலும்பில் இல்லை, தோலில்தான். தண்டு வெளிவரும் இடம் ஆறாத புண் போன்றது. கிருமி அவ்வழியே எலும்புக்குள் இறங்கும். மான் கொம்பும் எலும்புதான், தோலைத் துளைத்துத்தான் வளருகிறது. ஆனால் சீழ் பிடிப்பதில்லை. அடியிலுள்ள நுண்துளைகளில் தோல் வேர்விட்டாற்போல் பற்றிக்கொள்கிறது. இதைக் கவனித்த லண்டன் ஆராய்ச்சியாளர்கள் உலோகத்திலும் அதுபோல் துளைகள் அமைத்தார்கள். ஆடுகளிலும் இவ்வகைத் தண்டுகள் சோதிக்கப்பட்டுள்ளன.

பூனை நாலைந்து கிலோ. பசுவோ 300 கிலோவுக்கு மேல். அதில் சுமார் 60 சதம் முன்னங்கால்களில் இறங்குகிறது. சாணமும் கோமியமும் ஊறிய தரையில் அந்தப் புண்ணைக் காப்பது நடவாத காரியம். நமக்கு இப்போதைக்கு இது ஏற்றதல்ல. ஜெய்ப்பூரில் டாக்டர் தபேஷ் மாத்தூர் செய்யும் ‘கிருஷ்ணா’ கால் வேறு வகை. வெட்டுப்பட்ட காலின்மேல் உறைபோல் மாட்டுவது. கழற்றிப் புண் பார்க்கலாம்.

இருக்கிற காலைக் காப்பதே லாபம். மெல்லிய நைலான் கயிற்றைக் காலில் கட்டாதீர்கள். இறுகினால் ரத்த ஓட்டம் நின்று கால் அழுகும். கயிற்றுக்குக் கீழே தொட்டுப் பாருங்கள், சில்லிட்டிருந்தால் உடனே அறுத்துவிடுங்கள். கன்றின் கால் முறிந்தால் பஞ்சு சுற்றி, முறிவுக்கு மேலும் கீழும் உள்ள மூட்டுகள் அசையாதபடி மூங்கில் பத்தை வைத்துக் கட்டுங்கள். இளங்கன்றுக்கு எலும்பு சீக்கிரம் கூடும். எலும்பு வெளியே தெரிந்தால் சாம்பல், எண்ணெய் எதுவும் வைக்காமல் சுத்தமான துணியால் மூடி, 1962-க்குப் போன் செய்யுங்கள். பெரிய சிகிச்சைக்குச் சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. நாள் கடத்தாமல் கொண்டுசெல்லுங்கள்.