விதை வெங்காயத்துக்குள் நடக்கும் வேலை

வயலையும் கிணற்றையும் விட்டு எழும்பி வந்தவர்கள் அவற்றைத் தூக்கி வர முடியாது. ஆனால் ஒரு பிடி விதை வெங்காயம் மடியில் அடங்கும். அதை ஓலைத்தொடுவாய் மணலில் எருப்போட்டு நட்டால் ஒன்று பலவாகும். இது எவ்வாறு நடக்கிறது? வந்த இடத்தில் மீண்டும் தோட்டம் தொடங்குவோர் இதை அறிந்திருப்பது நல்லது.

முதலில் ஒரு சிறு பரிசோதனை. ஒரு கிளாசில் நீர் நிரப்பி, வெங்காயத்தின் அடி மட்டும் நீரில் படும்படி அதன் வாயில் வையுங்கள். சில நாட்களில் வெள்ளை வேர்கள் இறங்கும். ஒரு வேரில் சம இடைவெளியில் மையால் கோடுகள் இட்டு மறுநாள் பாருங்கள். மேலே உள்ள கோடுகள் அப்படியே இருக்கும். நுனிக்கு அண்மையில் உள்ளவையே விலகியிருக்கும்.

ஆம், வேர் நீள்வது நுனிப்பக்கத்தில்தான். அங்குள்ள கலங்கள் இரண்டிரண்டாகப் பிரிந்து, பின் நீள்கின்றன. இப்பிரிவை இழையுருப்பிரிவு என்பர். ஜெர்மனிய அறிஞர் வால்தர் பிளெமிங் 1882இல் இதனை விரிவாக விளக்கி நூல் எழுதினார். உயர்தர வகுப்புப் பிள்ளைகள் நுணுக்குக்காட்டியில் இதைப் பார்ப்பது பெரும்பாலும் வெங்காய வேர்நுனியிலேயே.

வெங்காயக் கலம் ஒன்றின் கருவில் 16 நிறமூர்த்தங்கள் உண்டு. பயிரின் குணங்களைத் தாங்கி நிற்பவை இவையே. கலம் பிரியமுன் ஒவ்வொன்றும் தன்னைப் போல் ஒரு பிரதியை ஆக்கிக்கொள்ளும். பின்னர் நான்கு படிகள் தொடரும்:

1. முன்னவத்தை: மெல்லிய நூலாய்க் கிடந்த நிறமூர்த்தங்கள் சுருண்டு தடித்து, இரட்டை இழைகளாகத் தெரியும். கருவின் உறை மறையும்.

2. அனுவவத்தை: அவை கதிர் நார்களில் பிணைந்து, கலத்தின் நடுவில் வரிசையாக நிற்கும்.

3. மேன்முகவவத்தை: இரட்டைகள் பிரிந்து, பக்கத்துக்கு 16 வீதம் எதிர்முனைகளுக்கு இழுக்கப்படும்.

4. ஈற்றவத்தை: இரு முனையிலும் புதிய கரு உண்டாகும். தொடர்ந்து நடுவே சுவர் எழும்ப, ஒரு கலம் இரண்டாகும்.

கூடுதலும் இல்லை, குறைவும் இல்லை. இரண்டுக்கும் அதே 16. ஆகவே குமிழிலிருந்து வளரும் வெங்காயம் தாயின் குணத்தையே கொண்டிருக்கும். முருங்கைத் தடி, மரவள்ளித் தடி, வாழைக்குட்டி எல்லாம் இவ்வாறே.

இதில் எச்சரிக்கையும் உண்டு. தாய்க் குமிழில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். கைச்செலவுக்காக நல்லதை எல்லாம் விற்றுவிட்டு, கழிவை நடுபவர் அடுத்த போகத்தையும் சேர்த்தே விற்கிறார். முதலில் விதைக்கு ஒதுக்குங்கள், மீதியை விற்கலாம். அத்துடன், உவர்நீர் வேர்நுனியின் வளர்ச்சியைத் தடுக்கும். கடலோரக் கிணற்றில் அளவுக்கு மீறி இறைத்தால் அடியிலுள்ள உப்புநீர் மேலேறும். அளவோடு இறையுங்கள்.

கூடிப் பேசுவோம்:

- விதைக்கென எதைத் தெரிந்து வைக்கிறோம்? பெரியதையா, எஞ்சியதையா?
- விதை இல்லாத குடும்பத்துக்கு ஒரு பிடி கொடுத்து, விளைந்தபின் திருப்பி வாங்க நம்மிடையே ஓர் ஒழுங்கு செய்யலாமா?