அருகிலிருந்து பேணுபவரின் கடமை

நோய் நீங்குவதற்கு மருத்துவர், மருந்து, நோயாளி, அவரை அருகிலிருந்து பேணுபவர் ஆகிய நால்வகைத் துணையும் வேண்டும் என்று சரக சம்ஹிதை கூறுகிறது. திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரமும் பேணுபவரை மருத்துவத்தின் நான்கு பகுதிகளுள் ஒன்றாக எண்ணுகிறது. பணிமுறையை அறிந்திருத்தல், செயல்திறன், தூய்மை, நோயாளியிடம் அன்பு ஆகிய நான்கு பண்புகள் பேணுபவரிடம் இருக்க வேண்டும் என்பது சரக சம்ஹிதையின் கருத்து. அன்பு இவற்றுள் ஒன்றே. மற்ற மூன்றும் முயன்று பயில வேண்டியவை.

இதன் பொருளை இருதய ‘பைபாஸ்’ அறுவைச் சிகிச்சையை முன்வைத்துச் சிந்திக்கலாம். 1975-இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே. எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸ் சிகிச்சையை வெற்றிகரமாகச் செய்தார். இன்று நாடெங்கும் பல நகரங்களில் இது நடைபெறுகிறது. அறுவை மருத்துவரின் பணி சில மணி நேரத்தில் முடிகிறது. பொதுவாக ஒரு வாரத்தில் நோயாளி வீடு திரும்புகிறார். ஆனால் பிளக்கப்பட்டுக் கம்பியால் இணைக்கப்பட்ட நெஞ்செலும்பு நன்கு கூடுவதற்கு 8 முதல் 12 வாரங்கள் வரை ஆகும். அக்காலம் முழுவதும் பொறுப்பு இல்லத்தாரைச் சார்ந்தது.

அறிதல்

சிகிச்சைக்கு நாள் குறித்ததும் ஒரு குறிப்பேட்டைத் தொடங்குவது நல்லது. நோயாளி உட்கொள்ளும் எல்லா மருந்துகளையும் அளவுடனும் நேரத்துடனும் அதில் எழுத வேண்டும். நாட்டு மருந்தையும் சத்து மாத்திரையையும் விட்டுவிடலாகாது. இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்துகளுள் சிலவற்றைச் சில நாட்கள் முன்னதாகவே நிறுத்த நேரும். சிலவற்றைத் தொடர நேரும். அதனை முடிவு செய்ய வேண்டியவர் மருத்துவரே. சர்க்கரை நோய் இருப்பின் அதைக் கட்டுக்குள் கொண்டுவர வேண்டும். புகைப் பழக்கம் இருப்பின் உடனே கைவிட வேண்டும்.

பொருட்செலவைப் பற்றியும் முன்னரே தெளிவு பெறுதல் அவசியம். 2018-இல் தொடங்கப்பட்ட ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம், தகுதியுள்ள குடும்பத்திற்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரையிலான மருத்துவமனைச் சிகிச்சைக்கு வழி செய்கிறது. 2024-இல் இது 70 வயதும் அதற்கு மேலும் உள்ள முதியோருக்கு வருமான வரம்பின்றி விரிவாக்கப்பட்டது. சேரவிருக்கும் மருத்துவமனை அத்திட்டத்தில் இடம்பெற்றுள்ளதா என்று முதலில் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

முதியோருக்குச் சிகிச்சைக்குப் பின் சில நாட்கள் மனக்குழப்பம் ஏற்படலாம். இடமும் நேரமும் தெரியாமல் பேசலாம். இதை அறியாதவர் அஞ்சுவர். மூக்குக் கண்ணாடியையும் காது கேட்கும் கருவியையும் உடன் வைத்திருந்து, பழகிய குரலில் அமைதியாகப் பேசினால் நோயாளிக்குத் தெளிவு பிறக்க உதவும்.

திறன்

வீட்டை ஆயத்தம் செய்யும் பணி நோயாளி மருத்துவமனைக்குச் செல்லும் முன்பே முடிந்திருக்க வேண்டும். கூடுமானால் தரைத்தளத்தில் ஓர் அறையை ஒதுக்கலாம். உட்கார்ந்தால் பாதம் தரையில் படியும் உயரத்தில் கட்டில் இருத்தல் நலம். கால் தடுக்கும் விரிப்புகளை அகற்றி, இரவில் கழிவறைக்குச் செல்லும் வழியில் விளக்கு அமைக்க வேண்டும். கைகளை அழுத்தி ஊன்றி எழுவது நெஞ்செலும்புக்கு நல்லதன்று. ஆதலால் குந்தும் கழிவறைக்குப் பதிலாக நாற்காலி வகை வசதி தேவை.

ஓரிரண்டு கிலோவுக்கு மேற்பட்ட எதையும் நோயாளி தூக்கலாகாது என்பது பொதுவான அறிவுரை. நீர் நிறைந்த வாளி அதனினும் பன்மடங்கு கனமானது. ஓடிவரும் பேரக்குழந்தையையும் அவர் தூக்கலாகாது. இருமல் வரும்போது தலையணையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டால் வலி குறையும். வலிக்கு அஞ்சி இருமாமலிருந்தால் சளி தங்கி நுரையீரலைப் பாதிக்கும்.

தூய்மை

புண்ணைத் தொடுமுன் சோப்பால் கை கழுவுதல் எளிய செயல்; தொற்றைத் தடுப்பதில் அதற்குப் பெரும்பங்கு உண்டு. பார்வையாளர் கூட்டத்தைச் சில வாரங்கள் பணிவுடன் தவிர்க்கலாம். சளி, காய்ச்சல் உள்ளவரை அறவே தவிர்க்க வேண்டும்.

காலையில் நோயாளியின் எடை, உடல்வெப்பம், புண்ணின் தோற்றம் ஆகியவற்றைக் குறித்துவர வேண்டும். ஓரிரு நாட்களில் எடை ஒரு கிலோவுக்கு மேல் கூடினாலும், காய்ச்சல் கண்டாலும், புண் சிவந்து சீழ் வந்தாலும், நெஞ்செலும்பில் ‘கிளிக்’ என்ற அசைவு தென்பட்டாலும் மருத்துவருக்குத் தாமதமின்றித் தெரிவிக்க வேண்டும். மார்பு வலி, மூச்சுத்திணறல், மயக்கம், பேச்சுக் குழறல், ஒருபக்கத் தளர்ச்சி ஆகியவை தோன்றினால் ஒரு நிமிடமும் காத்திராமல் ஆம்புலன்ஸை அழைக்க வேண்டும்.

அன்பு

மிகுந்த அன்பே சில வேளைகளில் இடையூறாகிறது. “நீங்கள் அசைய வேண்டாம், எல்லாவற்றையும் நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்” என்று கூறிப் படுக்கையிலேயே வைத்திருந்தால் தசை தளரும். காலில் இரத்தம் உறையவும் வாய்ப்புண்டு. மருத்துவர் கூறியபடி சிலசில நிமிடங்களாக நடக்கச் செய்து, படிப்படியாகக் கூட்ட வேண்டும். தாமே உண்ணவும் உடுத்தவும் இயலும்போது அதை அவரிடமே விட்டுவிட வேண்டும். கண்ணால் மட்டும் துணை நின்றால் போதும்.

முதல் சில வாரங்களில் நோயாளி காரணமின்றி அழுவதும் சினப்பதும் உண்டு. அதனை நன்றியின்மையாகக் கொள்ளலாகாது. சோர்வு இரண்டு வாரங்களுக்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் கூற வேண்டும்.

பேணுபவரும் மனிதரே. பெரும்பாலும் மனைவியோ மகளோ மருமகளோ இச்சுமையைத் தனியே தாங்குகிறார். உறக்கம் இழந்தவருக்கு மருந்தின் அளவு மாறிப்போகக்கூடும்; கனிவும் வற்றிவிடும். ஆகவே இரவுக் காவல், மருந்து வாங்குதல், சமையல் ஆகியவற்றைக் குடும்பத்தார் பெயர் குறித்துப் பகிர்ந்துகொள்ள வேண்டும். நாள்தோறும் அரைமணி நேரமாவது பேணுபவர் தனித்திருந்து மன அமைதி பெறுதல், நோயாளிக்குச் செய்யும் தொண்டின் ஒரு பகுதியே.

நோயாளி தாமே எழுந்து தெருமுனை வரை நடந்து திரும்பும் நாள் வரும். அன்று பேணுபவரின் தேவை குறைந்துவிடும். அந்த நாளையே இலக்காகக் கொண்டு முதல் நாளிலிருந்தே உழைப்பவர், பயன் கருதாத தொண்டு இன்னதென்பதைத் தம் இல்லத்திலேயே கற்றுக்கொள்கிறார்.